சாப்பிடும்போது புரையேறும் பிள்ளை: யாரைப் பார்ப்பது, எதைக் கொண்டுபோவது, எவ்வளவு ஆகும்

என் மகளுக்கு இரண்டரை வயதில் எடை ஏழரைக் கிலோ. குறைமாதத்தில் பிறந்தவள், மூளை முடக்குவாதம். அந்தச் சமயத்தில் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஆறு பேருடைய சீட்டு ஒட்டியிருந்தது. டயட்டீஷியன் ஒவ்வொரு வேளையும் 200 மில்லி கஞ்சி, அதில் இரண்டு ஸ்பூன் நெய் என்று எழுதியிருந்தார். ஸ்பீச் தெரபிஸ்ட் பத்துப் பன்னிரண்டு ஸ்பூனுக்கு மேல் ஊட்டாதீர்கள், களைத்துப் போகிறாள் என்றார். குடல் டாக்டர் கெட்டியாகக் கொடுக்கச் சொன்னார். வலிப்பு மருந்து காலை எட்டு மணிக்கு, சாப்பாடு எட்டரைக்கு, அதனால் வாயில் ஸ்பூன் போகும் நேரத்தில் கண் சொருகிவிடும். பிசியோ ஒன்பதரைக்கு. வயிறு நிறைந்த பிள்ளையைக் குப்புறப் போட்டால் சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்துவிடும்.

ஒவ்வொருவர் சொன்னதும் தனித்தனியாகச் சரிதான். ஆனால் ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்ததே இல்லை. இது புரிய எங்களுக்கு ஒன்றரை வருடமும் மூன்று நிமோனியாவும் ஆயின. இப்படி விழுங்கத் திணறிப் புரையேறும் சிக்கலுக்குக் குழுவாக மருத்துவம் பார்க்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் அந்தக் குழு ஒரே அறையில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்காது. ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சேர்ப்பதுதான் நம் வேலை. அதை எப்படிச் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் விருதுநகர் மாவட்டம், அதனால் தமிழ்நாட்டு நடைமுறையைத்தான் சொல்கிறேன்.

## 1. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வெறும் அடமா, நிஜமான சிக்கலா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். கீழே உள்ளதில் ஒன்று இருந்தால்கூட டாக்டரைப் பாருங்கள், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும்.

- ஒரு வேளை ஊட்டி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் தினமும்.
- குடிக்கும்போது இருமல், புரை ஏறுதல், மூக்கு வழியாகப் பால் வருதல்.
- சாப்பிட்ட பிறகு குரல் மாறுகிறது. தொண்டையில் தண்ணீர் நிற்பது போல கரகரவென்று ஒரு ஈரச் சத்தம்.
- அடிக்கடி சளி, நெஞ்சில் கர்புர், திரும்பத் திரும்ப நிமோனியா.
- எடை ஏறவே இல்லை, அல்லது இறங்குகிறது.
- ஸ்பூனைக் கண்டதுமே முதுகை வில்லாக வளைத்து அழுகிறது.

ஊட்டும்போது உதடு நீலமானாலோ மூச்சுத் திணறினாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அடைத்துக்கொண்டால் தலை தாழ்வாக இருக்கும்படி கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம் என்று ஒரு முதலுதவி உண்டு. அதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, மருத்துவமனை நர்ஸிடம் கேட்டு நேரில் செய்து பழகுங்கள்.

இருமல் இல்லையென்றால் புரை ஏறவில்லை என்று அர்த்தம் இல்லை. நாங்கள் ஏமாந்தது இங்கேதான். சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக நரம்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு, உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது. சத்தமே இல்லாமல் நடக்கும். எங்கள் வீட்டில் "பாவம், அமைதியாகக் குடிக்கிறாள்" என்று சந்தோஷப்பட்டோம்.

## 2. டாக்டரிடம் போகுமுன் மூன்று நாள் எழுதுங்கள், ஒரு வேளையை வீடியோ எடுங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். எத்தனை மணிக்கு, என்ன உணவு, எவ்வளவு கெட்டி, எத்தனை ஸ்பூன் உள்ளே போனது, எத்தனை நிமிடம் ஆனது, இருமலா, வாந்தியா. மருந்து கொடுத்த நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளியை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் பல பிள்ளைகளுக்குச் சிக்கலின் ஒரு பாதி அதில்தான் இருக்கிறது. வலிப்பு மருந்துகளில் சில தூக்கத்தைக் கூட்டும், சில எச்சிலைக் கூட்டும். நேரத்தை மாற்றலாமா என்று நரம்பு டாக்டரிடம் கேட்க இந்த நோட்டுதான் ஆதாரம். நீங்களாக மாற்றிவிடாதீர்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் எழுதுங்கள், வயிறு கட்டியிருக்கும் பிள்ளைக்குப் பசி எடுக்காது.

வீடியோ ரொம்ப முக்கியம். ஓ.பி.யில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், அங்கே பிள்ளை அழும், வாயைத் திறக்காது. போனைப் பக்கவாட்டில் வைத்து முகம், கழுத்து, உட்கார்ந்திருக்கும் விதம் மூன்றும் தெரியும்படி ஒரு வேளையின் முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும் எடுங்கள். கடைசி மூன்று நிமிடத்தில்தான் களைப்பு தெரியும். சத்தத்தோடு எடுங்கள், டி.வி.யை அணைத்துவிட்டு. எங்கள் வீடியோவைப் பார்த்த ஸ்பீச் தெரபிஸ்ட் படத்தைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்துக் கேட்டார், இரண்டு தடவை. விழுங்கிய பிறகு வரும் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் "இவளுக்குப் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும்" என்றார்.

## 3. ஒரே கோப்பு, இரண்டு செட்

எல்லாப் பேப்பரையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் போடுங்கள். ஒரிஜினல் ஒரு செட், ஜெராக்ஸ் ஒரு செட், போனில் போட்டோவும் இருக்கட்டும். அதில் இருக்க வேண்டியவை:

- பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி (எத்தனை வாரத்தில் பிறந்தது, அழுததா, வென்டிலேட்டரில் இருந்ததா என்பதை ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்)
- தாய் சேய் நல அட்டை, அங்கன்வாடி எடைப் பதிவு
- ஒவ்வொரு நிமோனியா அட்மிஷனின் சம்மரி, எக்ஸ்ரே
- எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி., எக்கோ எடுத்திருந்தால் அவை
- இப்போது கொடுக்கும் மருந்துகளின் பட்டியல், அளவோடு
- பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை

எடையை எங்கே எடுத்தாலும் ஒரே தாளில் தேதியோடு எழுதிக்கொண்டே வாருங்கள். வேறு வேறு மெஷினில் அரைக் கிலோ வித்தியாசம் வரும், அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மாதிரி உடுப்பில் எடுப்பது நல்லது. எனக்கு இருந்த ஒரே உறுதியான ஆதாரம் அங்கன்வாடி டீச்சர் மாதாமாதம் போட்டுக் கொடுத்த புள்ளிகள்தான். ஏழு மாதம் அந்தக் கோடு படுத்தே கிடந்தது.

## 4. எங்கே தொடங்குவது

முதலில் உங்கள் மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையம். டி.இ.ஐ.சி. என்று கேட்டால்தான் ஓ.பி. கவுன்ட்டரில் சட்டென்று புரியும். ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். பிறந்ததிலிருந்து 18 வயது வரை, இலவசம். குழந்தை மருத்துவர், பிசியோ, ஸ்பீச் தெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டினால் அவர்களே பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார்கள். நாங்கள் சீட்டு இல்லாமல் நேராகத்தான் போனோம், பதிந்துகொண்டார்கள்.

போகுமுன் ஒரு போன் போட்டு ஸ்பீச் தெரபிஸ்ட் இப்போது பணியில் இருக்கிறாரா, எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். சில நேரம் அந்த இடம் காலியாக இருக்கும். பஸ் ஏறி அரை நாள் போய்த் திரும்பியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் (நிப்மெட் என்பார்கள்), கோட்டூர்புரத்தில் வித்யா சாகர், வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு, தென்பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். இவற்றில் சில மருத்துவமனைகள், சில மறுவாழ்வு நிறுவனங்கள், எல்லா இடத்திலும் எல்லாம் இருக்காது. உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

தனியார் தெரபிக்குப் போனால் ஸ்பீச் தெரபிஸ்ட்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். அதில் தப்பே இல்லை. அப்புறம் இன்னொரு கேள்வி: "விழுங்கும் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பார்த்துப் பழக்கம் உண்டா?" பேச்சுப் பயிற்சி மட்டும் தருபவர்கள் நிறையப் பேர், உணவூட்டும் பயிற்சி தெரிந்தவர்கள் குறைவு. எங்கள் முதல் தெரபி சென்டரில் எட்டு மாதம் கன்னத்தைத் தடவி, நாக்கில் பிரஷ் தேய்த்து அனுப்பினார்கள். ஒரு நாள்கூட அவள் சாப்பிடுவதை அங்கே யாரும் பார்க்கவில்லை. சாப்பிடுவதைப் பார்க்காமல் உணவூட்டும் பயிற்சி தரும் இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்காதீர்கள்.

## 5. குழுவில் யார் யார், யாரிடம் எதைக் கேட்பது

2019-இல் பல துறை நிபுணர்கள் சேர்ந்து குழந்தைகளின் உணவு உண்ணும் சிக்கலுக்கு ஒரு பொது வரையறை வெளியிட்டார்கள். அதில் நான்கு பக்கம் பார்க்கச் சொல்கிறார்கள்: உடல்நோய், ஊட்டச்சத்து, உண்ணும் திறன், மனமும் குடும்பச் சூழலும். நான் இந்த நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்துக்கு யார் என்று எழுதினேன். எங்களுக்கு நான்காவது கட்டம் காலியாகவே இருந்தது. மகள் ஸ்பூனைப் பார்த்து அழுவதும், நான் ஒவ்வொரு வேளையும் அவளோடு சேர்ந்து அழுவதும் மருத்துவ விஷயம் என்றே யாரும், நானும்கூட, நினைக்கவில்லை. உளவியலாளரிடம் போன பிறகுதான் அவள் பயத்துக்கு வேலை தொடங்கியது.

குழந்தை மருத்துவர்தான் நடுவில். நெஞ்சு, எடை, ரத்தசோகை எல்லாம் அவர் பார்ப்பார். மூச்சுச் சத்தம், அண்ணப்பிளவு, டான்சில் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர். வாந்தி, நெஞ்சுக்கு ஏறும் அமிலம், மலச்சிக்கலுக்குக் குடல் டாக்டர். உட்காரும் நிலைக்கும் நாற்காலிக்கும் பிசியோ அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எவ்வளவு, என்ன என்பதற்கு டயட்டீஷியன். எப்படி விழுங்குகிறாள், எந்தக் கெட்டி பாதுகாப்பு என்பதற்கு ஸ்பீச் தெரபிஸ்ட். பல் டாக்டரை மறந்துவிடாதீர்கள். வாய் சுத்தமாக இல்லாவிட்டால் எச்சிலோடு சேர்ந்து நெஞ்சுக்குள் போகும் கிருமி அதிகம், வாயால் சாப்பிடாத பிள்ளைக்கும் தினம் இரண்டு வேளை துலக்க வேண்டும்.

இவர்களில் ஒருவரை "இவர்தான் எங்கள் முதல் ஆள்" என்று முடிவு செய்து, அவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள்: "சார், ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் மோதினால் உங்களிடம் வரலாமா?" பெரிய பெயர் உள்ளவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், போனில் கிடைப்பவரைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு அது உள்ளூர்க் குழந்தை மருத்துவர். அவர் இரண்டு டாக்டர்களுக்குப் போன் செய்து பேசிய பத்து நிமிடத்தில், நான் ஒரு வருடம் அலைந்தும் தீராத மருந்து நேரச் சிக்கல் தீர்ந்தது.

## 6. விழுங்கும் பரிசோதனை

இதைச் செய்யாமல் வாயால் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வது, எங்கள் பிள்ளை போன்றவர்களுக்கு, இருட்டில் கை வைப்பதுதான். இரண்டு வகை உண்டு. ஒன்று வீடியோ எக்ஸ்ரே (வி.எஃப்.எஸ்.எஸ்.), உணவில் பேரியம் கலந்து ஊட்டி, விழுங்குவதை எக்ஸ்ரேயில் படமாகப் பார்ப்பது. இன்னொன்று மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்ப்பது. பிள்ளைக்கு எது என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்டும் டாக்டரும் சேர்ந்து சொல்வார்கள்.

பெரிய பொறி இதில் ஒன்று இருக்கிறது. "பேரியம் ஸ்வாலோ" என்று மட்டும் சீட்டில் எழுதினால் சில இடங்களில் படுக்க வைத்து உணவுக்குழாயை மட்டும் பார்க்கும் வேறு பரிசோதனையை எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் ஆனது, பணமும் போனது, பிள்ளைக்குக் கதிரும் பட்டது, கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை. முன்பதிவின்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளையை உட்கார வைத்து எடுப்பீர்களா? ஸ்பீச் தெரபிஸ்ட் கூடவே இருப்பாரா? பல கெட்டிகளில் கொடுத்துப் பார்ப்பீர்களா? மூன்றுக்கும் "ஆமாம்" வந்தால் தேதி வாங்குங்கள். இது எல்லா ஊரிலும் இல்லை, பெரிய மருத்துவமனைகளில்தான். எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கிடைத்தது. 2023-இல் தனியாரில் நாங்கள் கட்டியது ஆறாயிரத்துச் சொச்சம், போக்குவரத்து தனி.

அன்று பிள்ளைக்குப் பசி இருக்க வேண்டும், ஆனால் அழுது களைக்கும் அளவுக்கு வேண்டாம். வீட்டு ஸ்பூன், வீட்டு டம்ளர், வீட்டுக் கஞ்சி, மசித்த இட்லி, அவளுக்குப் பிடித்த ஒன்று எல்லாம் எடுத்துப் போங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தால் நீங்கள் உள்ளே போக முடியாது, ஊட்டத் தெரிந்த இன்னொருவரைக் கூட்டிப் போங்கள்.

அறையை இருட்டாக்கி, ஈய அங்கி மாட்டிவிட்டு, என்னையே ஊட்டச் சொன்னார்கள். சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாக இருந்த கஞ்சி. திரையில் அது கறுப்பாகத் தெரிந்தது. மசித்த கஞ்சி நாக்கின் மேல் ஊர்ந்து, தொண்டையில் கொஞ்சம் தயங்கி, பின்பக்கக் குழாயில் சரியாக இறங்கியது. அடுத்தது தண்ணீர். ஒரே ஒரு மிடறு. அவள் விழுங்க ஆரம்பிக்கும் முன்பே நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு முன்பக்கக் குழாயில், மூச்சுக்குழாயில், இறங்கிப் போனது. அவள் இருமவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள், இன்னும் கொடு என்று. மூன்று வருடமாக நான் கொடுத்த அத்தனை தண்ணீரையும் அந்த ஒரு நிமிடத்தில் நினைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்டோடு வீடியோவையும் சி.டி. அல்லது பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டர் அதைப் பார்த்தால் இன்னொரு முறை எடுக்கச் சொல்லமாட்டார்.

## 7. எல்லாரையும் ஒரே தாளுக்குக் கொண்டுவாருங்கள்

பரிசோதனை முடிந்ததும் ஒரு ஏ4 தாளில் நீங்களே எழுதுங்கள்: வாயால் என்ன கொடுக்கலாம், எந்தக் கெட்டியில், எத்தனை ஸ்பூன், எந்த நிலையில் உட்கார வைத்து, மருந்து எத்தனை மணிக்கு, பயிற்சி எத்தனை மணிக்கு, எதைக் கொடுக்கவே கூடாது. முதல் ஆளிடம் காட்டித் திருத்தி, அவர் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அதன் பிறகு யாரைப் பார்க்கப் போனாலும் இந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். புதிதாக ஒன்று சொன்னால், "இதில் எந்த வரியை மாற்றலாம் டாக்டர்?" என்று கேளுங்கள். வரியை மாற்றச் சொன்னால்தான் அவர்கள் மற்ற வரிகளையும் படிக்கிறார்கள். எங்கள் டயட்டீஷியன் அப்படித்தான் 200 மில்லியை விட்டுவிட்டு, அதே சத்தைப் பாதி அளவில் அடக்க வழி சொன்னார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தாள். வளரும் பிள்ளைக்குப் பழைய தாள் பொருந்தாது.

## 8. அடுப்படியில்

"கெட்டியாக" என்ற சொல்லை நம்பாதீர்கள். என் கெட்டி வேறு, என் மாமியார் கெட்டி வேறு. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று ஓர் உலகளாவிய அளவுமுறை இருக்கிறது, 0 முதல் 7 வரை எட்டு நிலை. குடிப்பவற்றுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்ச் போதும். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தண்டை உருவிவிடுங்கள், கீழ்முனையை விரலால் அடைத்து 10 மில்லி வரை ஊற்றுங்கள். விரலை எடுத்துப் பத்து வினாடி விட்டு மறுபடி அடைத்து, எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாம் வடிந்துவிட்டால் 0, தண்ணீர் போல. 1 முதல் 4 மில்லி மிச்சம் என்றால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் நிலை 3. ஒன்றுமே வடியாவிட்டால் நிலை 4-ஆக இருக்கலாம், அதை ஸ்பூனைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நுணுக்கம்: எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை, 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்து வாங்குங்கள்.

கொடுக்கும் சூட்டிலேயே சோதியுங்கள். கஞ்சி ஆற ஆற இறுகும். அரிசி, சோளமாவு கொண்டு கெட்டியாக்கியதில் வாயில் வைத்த ஸ்பூனை மறுபடி மறுபடி விட்டு எடுத்தால், எச்சில் பட்டு ஐந்து பத்து நிமிடத்தில் நீர்த்துப் போகும். கடைசி ஸ்பூன்களில் அவளுக்கு ஏன் புரை ஏறுகிறது என்று தலையை உடைத்துக்கொண்டிருந்தோம், காரணம் இதுதான். இப்போது சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுகிறோம். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் எந்தக் கெட்டியாக்கும் பொடியையும் டாக்டர் சொல்லாமல் கலக்கக் கூடாது. கடையில் விற்கும் சில பொடிகள் அவர்கள் குடலுக்கு ஆபத்தானவை. தேன் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது.

உட்கார வைப்பது பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் பேச வேண்டியிருக்கும். காலை நீட்டி அதில் பிள்ளையை மல்லாக்கப் போட்டு பாலாடையால் ஊற்றுவது, மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பது எல்லாம் நம் வீடுகளில் பாசத்தோடு செய்வதுதான். விழுங்கும் சிக்கல் உள்ள பிள்ளைக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும் வழி. இடுப்பு மடங்கி, பாதம் ஒன்றின் மேல் ஊன்றி, தலை பின்னால் சாயாமல் மோவாய் லேசாகத் தாழ்ந்து இருக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், அதனால் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். எங்கள் நாற்காலி தச்சரிடம் செய்தது, பிசியோ அளவு எழுதிக் கொடுத்தார், 1,800 ரூபாய் ஆனது.

தொக்கம் எடுப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளை சாப்பிடாவிட்டால் "தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுத்துவிடு" என்று நாலு பேராவது சொல்வார்கள். நாங்களும் ஒருமுறை கூட்டிப் போனோம். வாயிலிருந்து எடுத்ததாக ஒரு துண்டைக் காட்டினார்கள். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தயவுசெய்து போகாதீர்கள்.

## 9. உணவு ஊற்றக் குழாய் வேண்டும் என்று சொன்னால்

நான் இதற்கு எட்டு மாதம் மறுத்தேன். குழாய் போட்டால் அவ்வளவுதான், இனி வாயால் சாப்பிடவே மாட்டாள் என்று நினைத்தேன். அந்த எட்டு மாதம் அவள் மூளையும் உடம்பும் வளர வேண்டிய மாதங்கள்.

மூக்குக் குழாய் குறுகிய காலத்துக்கு. சில வாரங்களைத் தாண்டி மாதக் கணக்கில் போகும் என்று தெரிந்தால், வயிற்றில் சிறு துளையிட்டுப் போடும் குழாயைப் பற்றிப் பேசச் சொல்லி நீங்களே கேளுங்கள். கேட்க வேண்டியவை: வாயால் ருசிக்கக் கொடுக்கலாமா, எவ்வளவு? தெரபி தொடருமா? குழாய் கழன்றால் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும்? குழாயை எடுப்பதற்குப் பிள்ளை என்ன நிலையை எட்ட வேண்டும்? டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டில் இரண்டு பேர் நர்ஸ் எதிரில் குறைந்தது நாலைந்து வேளை தாங்களே ஊற்றிப் பழக வேண்டும். மூக்குக் குழாயாக இருந்தால் ஒவ்வொரு வேளையும் அது சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்கு வராதீர்கள். ஊற்றிய பிறகு அரை மணி நேரம் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதில் வயிற்றுக் குழாய் போட்டோம். இப்போது ஐந்து வயது, 12 கிலோ 800. சாப்பாடு வாயால், தண்ணீர் குழாயால்.

## 10. சான்றிதழும் பணமும்

விழுங்கும் சிக்கல் மட்டும் தனியாக ஊனப் பட்டியலில் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்ற அடிப்படைக் காரணத்துக்குத்தான் ஊனச் சான்றிதழ் கிடைக்கும். யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ பதிந்துவிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ டாக்டரிடம் மதிப்பீடு செய்ய வேண்டும். போட்டோ, ஆதார், மருத்துவப் பேப்பர்கள் போதும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். முடியும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள், அது முடிந்த நாளில் உதவித்தொகையும் நின்றுவிடலாம்.

கையில் வந்ததும் மூன்று இடம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு, தகுதி பெற்றவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். கடும் பாதிப்பு என்ற பிரிவுக்கு 75 சதவீதமோ அதற்கு மேலோ, அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருக்க வேண்டும் என்பதால் சான்றிதழில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது நிராமயா காப்பீடு. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் அதில் வரும். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட்டில் பதிவான தொண்டு நிறுவனம் மூலம் சேரலாம். நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்ப வாங்க முடியும், ஆகவே ஒவ்வொரு தெரபிக்கும் பெயர், தேதி, சீலோடு பில் வாங்குங்கள். வெள்ளைத் தாளில் எழுதித் தரும் ரசீது செல்லாது, எங்களுக்கு நாலு மாதப் பணம் அப்படிப் போனது. மூன்றாவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. குழாய் போடும் சிகிச்சை இதில் வருமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் அலைய வேண்டும்.

தெரபிக்குத் தனியாரில் ஒரு முறைக்கு 500 முதல் 700 வரை கொடுத்தோம். வாரம் இரண்டு முறை போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டி.இ.ஐ.சி.யில் வாரம் ஒன்று, வீட்டில் தினமும் நாங்களே, மாதம் ஒருமுறை தனியாரில் சரிபார்ப்பு என்று மாற்றிய பிறகுதான் கடன் நின்றது. பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை.

## 11. மற்றவர் கையில் விடும்போது

பாட்டி, அங்கன்வாடி டீச்சர், பள்ளி ஆயா என்று ஊட்டப்போகும் ஒவ்வொருவரையும் உங்கள் எதிரில் ஒரு வேளை ஊட்டச் சொல்லிப் பாருங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. எங்கள் அடுப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பது இது, வேண்டுமானால் உங்கள் தெரபிஸ்ட்டிடம் காட்டி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

"தண்ணீர், பால், ரசம் வாயால் கிடையாது. கஞ்சி சிரிஞ்சில் 4-க்கும் 8-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பச்சை நாற்காலியில் மட்டும். தட்டை ஸ்பூன், பாதி ஸ்பூன். முழுங்கி முடித்ததைப் பார்த்த பிறகு அடுத்தது. முகத்தைத் திருப்பினால் போதும் என்கிறாள், நிறுத்தவும். குரல் கரகரத்தால் நிறுத்தவும். தூக்கக் கலக்கத்தில் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். இருபத்தைந்து நிமிடம் ஆனால் எழுந்துவிடவும், மீதி குழாயில் போகும்."